பனிவெளியிலிருந்து ஒரு பாப் குரல்: சூசன் அக்லுகார்க்



இன்றைய உரையின் தலைப்பைச் சொன்னதும் அமைப்பாளர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: “பழங்குடி இசையைப் பற்றிப் பேசுகிறீர்களா, பாப் இசையைப் பற்றியா?” இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கேள்வியில் இருந்தது. சூசன் அக்லுகார்க் கனடாவின் இனுயிட் மக்களில் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாட்டெழுதிப் பாடிவரும் அவரை இந்தக் கேள்வி விட்டபாடில்லை.

1967 ஜனவரி 27 அன்று மானிடோபா மாநிலத்தின் சர்ச்சில் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். வளர்ந்தது இன்னும் வடக்கே, ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையிலுள்ள அர்வியாட்டில். மரம் வளராத நிலம். வெளியூருக்குச் சாலை கிடையாது. சரக்குக் கப்பல் கோடையில் மட்டும் வரும், மற்றபடி விமானம்தான். அந்த வட்டாரத்தில் பலருடைய முன்னோர் கரிபு மான் மந்தைகளின் பின்னே உள்நாட்டில் திரிந்து வாழ்ந்தவர்கள். அவர்களில் அஹியார்மியுட் என்ற பிரிவினரை 1950களில் அரசு பலமுறை இடம் மாற்றியது. மான் கிடைக்காத இடங்களில் கொண்டுபோய் விட்டதால் பட்டினியில் பலர் மாண்டார்கள். அதற்குக் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2019 ஜனவரியில், இதே அர்வியாட்டில். சூசனின் பெற்றோர் அந்தக் காலத்துத் தலைமுறை. இருவரும் பெந்தெகொஸ்தே போதகர்கள், ஏழு பிள்ளைகள். வீட்டில் இசை என்றால் ஜெபக்கூட்டப் பாடல்தான்.

இனுயிட் இசை என்று சொன்னால் வெளியாட்கள் இரண்டை எதிர்பார்ப்பார்கள். ஒன்று தோல் கட்டிய பெரிய வட்டப் பறையோடு ஆடும் ஆட்டம். மற்றொன்று இரண்டு பெண்கள் எதிரெதிரே நெருங்கி நின்று, யார் முதலில் சிரிக்கிறார்கள் என்று பார்க்கும் போட்டிபோல மூச்சிலும் தொண்டையிலும் எழுப்பும் பாட்டு. இரண்டையும் பாவமென்று மிஷனரிகள் ஒதுக்கிவைத்தார்கள். பல ஊர்களில் ஒரு தலைமுறையே அவற்றைக் கேட்காமல் வளர்ந்தது. ஆனால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கவில்லை. அதற்கு முன்பே ஸ்காட்லாந்துத் திமிங்கில வேட்டைக்காரர்கள் கொண்டுவந்த அக்கார்டியனை இனுயிட் பெண்கள் வாசிக்கக் கற்றிருந்தார்கள். இன்று அதைப் பாட்டிமார் வாத்தியம் என்றே சொல்லலாம். பிறகு வானொலி வந்தது, கண்ட்ரி இசை வந்தது. சார்லி பனிகோனியாக் என்ற இனுயிட் பாடகர் கிட்டாரை மாட்டிக்கொண்டு, தங்கள் மொழியான இனுக்டிடுட்டில் அன்றாட வாழ்க்கையைப் பாடி அந்த வட்டாரம் முழுக்கப் பேரெடுத்தார். ஆகவே சூசன் கிட்டார் மெட்டில் பாடியதை மரபை விட்டு ஓடியதாகப் பார்ப்பது, அந்த ஊரின் காதுகளை மறந்துவிட்டுப் பேசுவது.

அவர் இசையைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பியவர் அல்லர். ஒட்டாவாவில் வடக்குப் பகுதி விவகாரங்களைக் கவனிக்கும் அரசுத் துறையில் மொழிபெயர்ப்பு வேலை. பின்னர் இனுயிட் மக்களின் தேசிய அமைப்பில் அலுவலக உதவியாளர். சிபிசி வானொலி நிறுவனம் வடக்கத்திப் பாடகர்களைப் பதிவுசெய்தபோது அவருக்கும் வாய்ப்பு வந்தது. 1992இல் ‘ஆர்க்டிக் ரோஸ்’ என்ற தொகுப்பைச் சொந்த முயற்சியில் வெளியிட்டார். ‘அமேசிங் கிரேஸ்’ என்ற பழைய ஞானப்பாட்டும் அதில் உண்டு, அதாவது வீட்டு இசையையும் கூடவே எடுத்து வந்தார். அதன்பின் இ.எம்.ஐ. என்ற பெரிய நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 1995இல் கனடாவின் ஜூனோ விருதுகளில் இரண்டு கிடைத்தன: சிறந்த புதிய தனிப்பாடகர் விருது ஒன்று, முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்ட பழங்குடி இசைப் பிரிவில் ஒன்று. தொடக்கத்தில் சொன்ன பாப் இசை, பழங்குடி இசை என்ற இரண்டு அறைகளிலும் ஒரே இரவில் அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

அதே ஆண்டு ‘திஸ் சைல்ட்’ வந்தது. அதிலுள்ள ‘ஓ சியெம்’ கனடாவின் கண்ட்ரி பட்டியலிலும், பெரியவர்கள் கேட்கும் மெல்லிசைப் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. முதல் நாற்பது இடங்களுக்குள் வந்த முதல் இனுயிட் கலைஞர் அவரே. தொகுப்பு 3 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கனடாவில் இனுயிட் மக்கள்தொகை அன்று அரை லட்சத்தைத் தொடவில்லை. வாங்கியவர்கள் பெரும்பாலும் இனுயிட் அல்லாத குடும்பங்கள் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

“இனிப்பு அதிகம்” என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்துக் கீபோர்டு புகைமூட்டம் பல பாடல்களில் குரலை மூடிவிடுகிறது. தயாரிப்பாளர் கை இன்னும் கொஞ்சம் அடங்கியிருக்கலாம். ஆனால் அந்த இனிப்புக்குள் என்ன வைத்துக் கொடுத்தார் என்று பாருங்கள். ‘ஓ சியெம்’ எல்லோரையும் கைகோக்க அழைக்கும் கொண்டாட்டப் பாட்டு. உள்ளே இருப்பது இனவெறுப்புக்கு எதிரான குரல். அதே தொகுப்பில் ‘சஃபர் இன் சைலன்ஸ்’, வெளியில் சொல்ல முடியாத வேதனையில் உழல்பவர்களைப் பார்த்துப் பாடுவது. இனுயிட் இளைஞர்களிடையே தற்கொலை விகிதம் கனடாவின் சராசரியைவிடப் பல மடங்கு. அதைப் பற்றி அறிக்கைகள் வந்தன, கமிஷன்கள் வந்தன. கார் ஓட்டும்போது கேட்கிற மெட்டில் அது டொரான்டோவின் வரவேற்பறைக்குள் நுழைந்தது பாட்டில்தான். கடுமையான இசையில் இதைச் சொல்லியிருந்தால் ஏற்கெனவே தெரிந்தவர்கள் மட்டும் கேட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அவரும் வெளியில் நின்று பாடியவர் அல்லர். சிறுமியாக இருந்தபோது தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதை அவர் மறைக்கவில்லை. காணாமல்போன, கொலையான பழங்குடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணை 2018 பிப்ரவரியில் ராங்கின் இன்லெட்டில் நடந்தபோது, அதைச் சாட்சியமாகவே பதிவுசெய்தார். எல்லோரும் எல்லோரையும் அறிந்த வட்டாரம் அது. ஆயிரக்கணக்கானோர் முன் பாடுவதைவிட அங்கே, சொந்த மனிதர்கள் முன் வாய்திறப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சிற்றூரில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டாம்.

‘ஓ சியெம்’ போன்ற வெற்றி பிறகு வரவில்லை. நுனாவுட் என்ற இனுயிட் ஆட்சிப்பகுதி பிறந்த 1999இல் ‘அன்சங் ஹீரோஸ்’. அடுத்த தொகுப்புக்கு ஐந்தாண்டு ஆனது. அதற்கும் வெகு பின்னர், 2022இல், ‘தி கிராசிங்’ வந்தது. இடையில் கனடாவின் உயரிய குடிமக்கள் விருதும், 2016இல் நிகழ்கலைக்கான வாழ்நாள் சாதனை விருதும் கிடைத்தன. 2022இல் ஜூனோ மேடை அவரை மறுபடி அழைத்தது, இந்த முறை மனிதநேயப் பணிக்காக. ‘ஆர்க்டிக் ரோஸ்’ தொகுப்பின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். நுனாவுட் ஊர்களில் பள்ளி விட்டபின் பிள்ளைகள் வந்து வரையவும் பாடவும் பேசவும் இடம் தருவது அதன் வேலை. தற்கொலையைப் பற்றிப் பாட்டெழுதியவர், அந்தப் பிள்ளைகளின் மாலைப்பொழுதுக்கு ஏற்பாடு செய்யப் போயிருக்கிறார்.

அவருக்குப் பின் வந்தவர்களில் இருவரைச் சொல்லியாக வேண்டும். தான்யா டகாக் அந்தத் தொண்டைப்பாட்டையே தனியாளாக எடுத்து உறுமலும் அலறலுமாக்கி 2014இல் கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசு வென்றார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், சூசனைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. அது எனக்கு உடன்பாடில்லை. சாலுயிட் ஊர்க்காரரான எலிசாப்பி 2023இல் ‘இனுக்டிடுட்’ என்றே பெயரிட்டு ஒரு தொகுப்பு தந்தார். குவீன், மெட்டாலிக்கா, பிளான்டி பாடல்களை இனுக்டிடுட்டில் பாடியிருக்கிறார். அவை அவருடைய இளமையில் ஊரில் ஒலித்த பாட்டுகள். பலவற்றுக்குப் பின்னே சொந்தக்காரர்களின் நினைவு இருக்கிறது. அதைக் கேட்டபின் “பாப் உங்களுடையதா?” என்று யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்க விரும்புவோருக்கு ஒரு யோசனை. ‘திஸ் சைல்ட்’ எளிதில் கிடைக்கும், இருந்தாலும் ‘ஆர்க்டிக் ரோஸ்’ தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். மெருகு குறைவு, குரல் அதிகம். ‘ஓ சியெம்’ எப்படியும் உங்களைத் தேடி வந்துவிடும்.