கழுத்தின் தளர்ச்சியும் அறுவைச் சிகிச்சையும்

நம் முகத்தை நாம் நாள்தோறும் கண்ணாடியில் நேருக்கு நேர் காண்கிறோம். கழுத்தைப் பெரும்பாலும் பிறரே காண்கின்றனர். பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் ஒன்றைப் பார்த்த பிறகுதான், மோவாய்க்குக் கீழே தோல் தளர்ந்து தொங்குவதைப் பலர் முதன்முறையாக உணர்கின்றனர். உணர்ந்ததும் சிலர் விளம்பரங்களை நாடுகின்றனர். வேறு சிலர், 'இந்த வயதில் இது எதற்கு?' என்று பிறர் நகைப்பரோ என அஞ்சி, வாய் திறவாது வருந்துகின்றனர். இவ்விரு சாராருக்கும் பயன்படக்கூடிய சில செய்திகளைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம். நான் மருத்துவன் அல்லன். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். ஆயினும், பொருள் விளங்காத தாளில் கையொப்பமிடுவதால் விளையும் இடர்கள் எத்தகையவை என்பதை அறிந்தவன்.

நம் புலவர்கள் அழகிய கழுத்தைச் சங்குக்கும் கமுகுக்கும் ஒப்பிட்டனர். சங்கில் வரைகள் உண்டு. காசிக்கு அருகே, சாரநாத் அருங்காட்சியகத்தில் உள்ள குப்தர் காலத்துப் புத்தர் சிலையைக் கண்டவர்கள், அச்சிலையின் கழுத்திலும் மெல்லிய குறுக்கு வரைகள் செதுக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். சிற்பிகள் அவற்றை அழகின் இலக்கணமாகக் கொண்டனரேயன்றி முதுமையின் அடையாளமாகக் கொள்ளவில்லை. இத்தகைய குறுக்கு வரைகள் பலருக்கு இளமையிலேயே உண்டு. நாம் இன்று பேசப்போவது வேறு ஒன்றைப் பற்றி. தோல் தளர்ந்து, காளையின் அலைதாடிபோலத் தொங்கும் நிலையைப் பற்றி.

இந்நிலை எதனால் உண்டாகிறது? 'வயதானதால்' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அந்த விடை சிகிச்சைக்கு உதவாது. கழுத்தை வெளியிலிருந்து உள்நோக்கி நான்கு அடுக்குகளாகப் பிரித்துப் பார்ப்போமாயின் உண்மை விளங்கும்.

முதல் அடுக்கு தோல். தோலுக்கு உறுதியைத் தருவது கொலாஜன் என்னும் புரதம். இழுத்தால் மீளும் தன்மையைத் தருவது எலாஸ்டின் என்னும் புரதம். வயது ஏற ஏற இவை குறைகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் சில ஆண்டுகளில் கொலாஜன் விரைவாகக் குறைகிறது. வெயிலும் புகைப்பழக்கமும் இக்குறைவை மிகுவிக்கின்றன. வெயிலின் வலிமையை அறிய வேண்டுமானால், மோவாயின் நிழலில் மறைந்திருக்கும் தோலையும், கழுத்தின் இரு பக்கத்துத் தோலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். வயது ஒன்றுதான், தோற்றம் வேறு.

இரண்டாவது அடுக்கு கொழுப்பு. அது மோவாய்க்கு அடியில் திரண்டால் இரட்டை மோவாய் தோன்றும். உடல் எடை விரைவாகக் குறையுமாயின், கொழுப்பு போய்த் தோல் மட்டும் எஞ்சும். பஞ்சை எடுத்துவிட்ட தலையணை உறைபோல அது தொய்ந்துவிடும்.

மூன்றாவது அடுக்கு தசை. மார்பின் மேற்பகுதியிலிருந்து கீழ்த்தாடை வரை, மெல்லிய விரிப்பைப் போல ஒரு தசை பரவியிருக்கிறது. இதற்குப் பிளாட்டிஸ்மா என்று பெயர். தட்டையானது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நாளடைவில் இத்தசையின் இரு ஓரங்களும் நடுவில் தளர்ந்து விலகுகின்றன. கழுத்தின் முன்புறம் மேலிருந்து கீழாகக் கயிறுபோல் புடைத்துத் தெரிபவை அந்த ஓரங்களே.

நான்காவது அடுக்கில் எலும்பும் சுரப்பிகளும் அடங்கும். பற்களை இழந்தவர்களுக்குத் தாடையெலும்பு தேய்கிறது. தாங்கும் சட்டம் சிறுத்தால் மேலே உள்ள துணி தொங்குவது இயல்பே. பிறவியிலேயே மோவாய் உள்ளடங்கியவர்களுக்கும், நாவடி எலும்பு தாழ்ந்திருப்பவர்களுக்கும், இளமையிலேயே கழுத்தின் வடிவம் தெளிவாக அமைவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கழுத்தில் காணும் எல்லாப் பருமனும் தளர்ச்சி ஆகாது. எச்சில் விழுங்கும்போது மேலும் கீழும் அசையும் கட்டி, தைராய்டுக் கழலையாக இருக்கலாம். இமயமலை அடிவாரப் பகுதிகளில் அயோடின் குறைவால் இக்கழலை மிகுந்திருந்தது. காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி முதலியோர் 1956-இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பினால் அது குறைவதை நிறுவியது. கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம் தோன்றினாலும், அது நாளுக்கு நாள் வளர்ந்தாலும், குரல் கம்மினாலும், முதலில் செல்ல வேண்டிய இடம் பொது மருத்துவரின் அறையே. அழகு நிலையம் அன்று.

இனிச் சிகிச்சையைப் பார்ப்போம். களிம்பு, தடவல், கழுத்துப் பயிற்சி ஆகியவற்றால் தொங்கிய தோல் சுருங்கிவிடாது. வெயில் காப்புக் களிம்பு மேலும் கெடாமல் காக்கும். கொழுப்பைக் கரைக்கும் டீஆக்ஸிகோலிக் அமில ஊசிக்கு 2015-லும், கழுத்துத் தசைக் கயிறுகளைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசிக்கு 2024-லும் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. எனினும், மிகுதியாக உள்ள தோலை எந்த ஊசியும் அகற்றுவதில்லை.

அறுவைச் சிகிச்சையில் எந்த அடுக்கில் குறை உள்ளதோ அந்த அடுக்கில்தான் கை வைக்க வேண்டும். இதுவே இப்பேச்சின் சாரம். தோலில் மீள்திறன் இருந்து, கொழுப்பு மட்டும் மிகுந்திருந்தால், மோவாய்க்கு அடியில் சிறு துளையிட்டு மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கலாம். 1970-களின் பிற்பகுதியில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் இல்லூஸ் பரப்பிய முறை இது. தசையின் ஓரங்கள் விலகியிருந்தால், மோவாய்க்கு அடியில் சிறிது கீறி, இரு ஓரங்களையும் நடுவில் சேர்த்துத் தைக்கின்றனர். 1990-இல் ஃபெல்ட்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் இதனைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார்.

தோலும் மிகுதியாகத் தளர்ந்திருப்பின், காதைச் சுற்றிக் கீறி, கீறலைப் பின்புற மயிர்வரிசைக்குள் கொண்டு சென்று, தசையையும் தோலையும் மேற்பின்னாக உயர்த்தி, எஞ்சிய தோலை நீக்குகின்றனர். முற்காலத்தில் தோலை மட்டுமே இழுத்துத் தைத்தனர். அது விரைவில் மீண்டும் தளர்ந்தது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஸ்கூக் 1974-இல் வெளியிட்ட நூலில், தோலையும் அடியிலுள்ள தசைப்படலத்தையும் ஒருசேர உயர்த்தும் முறையை விளக்கிய பின்னரே இத்துறை புது வழியில் சென்றது. முதிய ஆடவர் சிலருக்குக் கழுத்தின் நடுவிலேயே தோலை வெட்டி எடுத்துத் தைப்பதும் உண்டு. இது எளியதுதான், ஆனால் தழும்பு முன்புறத்தில் தெரியும். மோவாய் உள்ளடங்கியிருப்பின், மோவாய் எலும்பை முன் நகர்த்துவதோ செயற்கைத் துண்டு பொருத்துவதோ உதவும்.

இடர்களையும் சொல்லாமல் விடலாகாது. தோலுக்கடியில் குருதி தேங்குவது முதன்மையான இடர். இது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திற்குள் நேரும். ஆடவருக்கும் இரத்த அழுத்தம் மிக்கவருக்கும் அதிகம். புகைபிடிப்பவருக்குத் தோலின் ஓரங்கள் கருகி அழியக்கூடும். ஆதலின் பல வாரங்களுக்கு முன்பே அப்பழக்கத்தைக் கைவிட வேண்டும். காது மடலுக்கு உணர்ச்சி தரும் நரம்போ, கீழுதட்டை அசைக்கும் நரம்போ ஊறுபடலாம். நம்மைப் போன்ற மாநிறத்தாரும் கருநிறத்தாரும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: தடித்து வளரும் தழும்பு நம்மவருக்குச் சற்று அதிகம். காது குத்திய இடத்தில் எவருக்கேனும் கட்டிபோலத் தழும்பு வளர்ந்திருந்தால், அதனை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். வீக்கமும் கன்றலும் தணிய இரண்டு மூன்று வாரங்களும், மரத்த உணர்வு நீங்கச் சில மாதங்களும் ஆகும். சிகிச்சைக்குப் பிறகும் முதுமை நின்றுவிடுவதில்லை.

இங்கே தில்லியில் எனக்குத் தெரிந்த தமிழாசிரியை ஒருவர். பணி ஓய்வு பெற்றவர். நீரிழிவுக்காக உணவைக் கட்டுப்படுத்தி எடையைக் குறைத்ததில் கழுத்துத் தோல் தொய்ந்துவிட்டது. சிகிச்சை நிலையம் ஒன்று கொடுத்த ஆங்கிலச் சம்மதப் படிவத்தை என்னிடம் கொண்டுவந்து, "தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள்" என்றார். படித்துக் கூறினேன். அதில் கண்டது கொழுப்பை உறிஞ்சும் சிகிச்சை மட்டுமே. அம்மையாருக்கோ கொழுப்பு ஏற்கெனவே கரைந்துபோயிருந்தது. "என்னிடம் இல்லாததை எடுக்கவா பணம் கேட்கிறார்கள்?" என்றார் அவர். பின்னர் வேறொரு மருத்துவரிடம் சென்றார். அவர் பரிசோதித்து, தோலும் தசையுமே தளர்ந்துள்ளன என்று கூறி, முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார். ஆறு மாதம் பொறுத்திருந்து, தழும்பு எங்கே வரும் என்பது வரை கேட்டறிந்து, தாமே முடிவு செய்து சிகிச்சை பெற்றார்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் இந்தியும் வங்காளமும் மராத்தியும் பேசிச் சமாளித்துவிடுகிறோம். ஆனால் சந்தைக்குப் போதுமான மொழி சம்மதத்திற்குப் போதாது. உங்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. ஒரு சிகிச்சைக்குப் பெற்ற சம்மதத்தைக் கொண்டு வேறொரு சிகிச்சையைச் செய்யலாகாது என்றும், உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில் அன்றி இதற்கு விலக்கில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. 'தேவைப்படின் பிற சிகிச்சைகளும்' என்னும் வரி படிவத்தில் இருந்தால், அவை எவை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவரின் தகுதியையும் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நம் நாட்டில் இத்துறைக்குரிய உயர் பட்டம் எம்.சிஎச். ஆகும். இதற்குரிய பெயரில் உள்ள 'பிளாஸ்டிக்' என்னும் சொல் நெகிழிப் பொருளைக் குறிப்பதன்று. 'வடிவமைத்தல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் கிடைக்காது என்பதையும் முன்னரே அறிந்து செலவைக் கணக்கிடுக.

கழுத்து தளர்வது நோயன்று. அப்படியே விட்டுவிடுவதால் உடல்நலம் கெடாது. அதனைத் திருத்திக்கொள்ள விரும்புவதும் இகழத்தக்கதன்று. எந்த அடுக்கில் குறை, அதற்கு எந்தச் சிகிச்சை, அதனால் வரும் தழும்பும் இடரும் யாவை என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெளிந்த பிறகு, வேண்டும் என்றோ வேண்டா என்றோ அவரவர் முடிவு செய்யலாம். விடை தெளியும்வரை பேனாவை எடுக்க வேண்டா.