இன்று கரண்ட் வராது

(ஆஸ்பத்திரியின் ஸ்தோத்திர நாள் கூட்டத்தில், ஆதரவாளர்கள் மத்தியில் எங்கள் ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)



எத்தனை பிரசவம், எத்தனை ஆபரேஷன், எத்தனை ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்கிற விவரங்களை டாக்டரம்மா உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். அதில் நம்முடைய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்காத, நம்முடைய சபையைச் சேராத ஒரு மனிதரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர் எங்கள் ஊரில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். நீங்கள் வி.ஏ.ஓ. என்பீர்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் கணக்குப்பிள்ளை என்றுதான் சொல்லுகிறார்கள். கணக்குப்பிள்ளை, பட்டாமணியம் பதவிகளையெல்லாம் 1980-லேயே எடுத்தாயிற்று. பெயர் மட்டும் போகவில்லை.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, வெள்ளிக்கிழமை விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறினது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் பலர் அந்த வாரமே அரிசியும் போர்வையும் அனுப்பினீர்கள். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கின புயலை வாலிப வயதில் பார்த்திருக்கிறோம். ஆகையால் காற்று எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு விடிந்தபோது கண்டது வேறு. நின்றிருந்த தென்னை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மின்கம்பங்களும் அப்படியே. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். அன்று காலை எங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. எங்கள் தெருவில் விழுந்தவைதான் தெரியும்.

1977-ல் வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் இருந்தது. திருச்சி வானொலி பேசும், நாங்கள் கேட்போம். 2018-ல் எல்லார் கையிலும் செல்போன் இருந்தது, டிரான்சிஸ்டர் ஒரு வீட்டிலும் இல்லை. செல்போன் கோபுரத்தில் இருந்த டீசல் தீர்ந்ததும் போனும் ஊமையாயிற்று. பக்கத்து ஊரில் என்ன நடந்தது, ரோடு திறந்ததா, கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. போய்க் கேட்கப் பஞ்சாயத்துத் தலைவரும் இல்லை. 2016-ல் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், ஊராட்சிகளெல்லாம் தனி அலுவலர்கள் பொறுப்பில் இருந்த காலம் அது. ஆகையால் ஊரார் போய் நிற்கக் கிடைத்த ஒரே வாசல் வி.ஏ.ஓ. ஆபீஸ். அதற்கும் ஓடு பறந்துவிட்டது.

அவர் முப்பது வயதைத் தாண்டினவர். பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர், வெளியூர்க்காரர், நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒருநாளும் பார்த்ததில்லை. இரண்டாம் நாள் மாலை மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே (வழியெல்லாம் மரம்) ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, "ஐயா, ராத்திரியில உங்க கேட்ல மட்டும்தான் லைட் எரியுது. இங்க ஒரு போர்டு வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். அந்த லைட் எரிந்தது உங்களில் ஒரு சேகரத்தார் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையாய் வாங்கித் தந்த ஜெனரேட்டரில். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து தூணில் சாய்த்து வைத்தார். சாக்பீஸையும் அங்கேயே வாங்கி வந்திருந்தார்.

முதல் நாள் அவர் எழுதினதை இன்றைக்கும் சொல்லுவோம். இன்று கரண்ட் வராது. நாளையும் வராது. துணை மின்நிலையத்துக்கே இன்னும் மின்சாரம் வரவில்லை. காலை 10 மணிக்கு ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர்த் தொட்டி நிரப்பப்படும், குடத்தோடு வரவும். அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடவேண்டாம். அடுத்த தகவல் காலை 7 மணிக்கு.

கடைசி வரியைக் கவனியுங்கள். அவரிடத்தில் நல்ல செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்து எப்போது வந்து பார்க்கலாம் என்பதை எழுதிவிட்டுப் போனார். காலை 7, மாலை 6. செய்தி இல்லாத நாளிலும் வந்து, செய்தி இல்லை என்று எழுதினார். தினமும் துணை மின்நிலையத்துக்குப் போய், அங்குள்ளவர்களிடம் நேரில் கேட்டுவந்துதான் எழுதுவார்.

மின்சாரம் எப்படித் திரும்பி வருகிறது என்பதே எங்களுக்கு அந்தப் பலகையால்தான் புரிந்தது. முதலில் துணை மின்நிலையத்துக்கு வருகிற பெரிய லைன் சரியாக வேண்டும். பிறகு அங்கிருந்து ஊருக்கு வருகிற உயர் அழுத்த லைன், பிறகு டிரான்ஸ்பார்மர், அதன் பிறகே தெருக் கம்பிகள், கடைசியில் வீடு. நடுவே ஒரு கம்பம் குறைந்தாலும் அதற்கு அப்பால் இருட்டுதான். அதுவோ கார்த்திகை மாதம், வயலெல்லாம் தண்ணீர். எட்டு மீட்டர், ஒன்பது மீட்டர் சிமெண்ட் கம்பத்தை ஏற்றின லாரி உள்ளே இறங்காது. சேற்றில் ஆட்கள் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். வெளி ஜில்லாக்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின்சார ஊழியர்கள் பள்ளிக்கூடத் திண்ணைகளில் படுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அந்தச் சீரமைப்பில் உயிரை இழந்தவர்களும் உண்டு.

ஒருநாள் அவர் எங்களையே எச்சரித்தார். வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறவர்கள் மெயினை மாற்றாமல் ஓட்டினால், அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்கு ஏறி, கம்பத்தின்மேல் நிற்கிற ஊழியரைக் கொன்றுவிடும். "ஆஸ்பத்திரி ஜெனரேட்டரையும் ஒரு தடவை பார்த்துடுங்க ஐயா" என்றார். எங்கள் எலக்ட்ரீசியன் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு போய்ப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அன்று மாலை பலகையில் அந்த எச்சரிப்பு பெரிய எழுத்தில் இருந்தது.

இனி எங்கள் குற்றத்தைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்தால் அது நேர்மை ஆகாது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு சகோதரி எங்களிடம் வந்தாள். மாமனாருக்கு நெடுநாளாய் நெஞ்சுச்சளி, மூச்சிரைப்பு. வீட்டில் நெபுலைசர் மெஷின் வைத்துத்தான் நாட்களை ஓட்டுகிறவர். மெஷின் கரண்டில் ஓடுவது. ரோடு திறந்துவிட்டது, கும்பகோணத்தில் நாத்தனார் வீட்டில் கரண்ட் இருக்கிறது, அங்கே கொண்டுபோகட்டுமா, இல்லை இங்கேயே இருக்கலாமா என்று கேட்டாள். கையில் பிள்ளை, வீட்டுக்குக் கூரை இல்லை, முகம் வாடியிருந்தது. எங்களுக்கு மனதுருக்கம் உண்டாயிற்று. "கவலைப்படாதே அம்மா. கர்த்தர் கைவிடமாட்டார். நாளைக்கு எப்படியும் கரண்ட் வந்துவிடும்" என்று சொல்லி ஜெபித்து அனுப்பினோம்.

நாளைக்கு வரும் என்று எங்களுக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. பத்தடி தூரத்தில் பலகை இருந்தது. குறைந்தது பத்து நாள் ஆகும் என்று அதில் எழுதியிருந்தது. அவளும் அதைப் படித்திருந்தாள். படித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தாள். சர்க்கார் ஆள் எழுதினதைவிடப் போதகர் சொன்னதைப் பெரிதாய் எண்ணிக் கும்பகோணம் போகாமல் இருந்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் இராத்திரி அந்தப் பெரியவரை மினி லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. நர்சம்மா சிலிண்டரைத் திறந்து மாஸ்க்கைப் போட, ஜெனரேட்டரை நேரத்துக்கு முன்பே ஓட்டினோம். டீசல் அளந்து செலவழித்த நாட்கள் அவை. பெட்ரோல் பங்கிலும் கரண்ட் இல்லாததால் டீசல் கிடைப்பது கஷ்டம். விடிகிறவரையில் டாக்டரம்மா பக்கத்திலேயே இருந்தார்கள். தேவகிருபையால் பிழைத்தார். அந்தச் சகோதரி எங்களைத் திட்டவில்லை. வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தி, "நாளைக்குன்னு சொன்னீங்களே ஐயரே" என்றாள். அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊழியத்தில் இருக்கிறோம். அந்த ஒரு வாக்கியத்தைப்போல எந்த ஆயரும் எங்களைக் கடிந்துகொண்டதில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ம் அதிகாரத்தை இறையியல் கல்லூரியில் கிரேக்கத்தில் படித்திருக்கிறோம். யூரோக்கிலிதோன் என்கிற அந்தக் காற்றின் பெயரைக் கையெழுத்துப் பிரதிகளில் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு மணி நேரம் விவாதித்ததும் உண்டு. அதில் பவுல் கப்பலில் இருந்தவர்களுக்கு என்ன சொன்னார் என்பதைக் கஜாவுக்குப் பிறகுதான் சரியாய் வாசித்தோம். பல நாளாய்ச் சூரியனுமில்லை, நட்சத்திரமுமில்லை. 276 பேர். அவர்களிடம் பவுல், ஒருவருக்கும் பிராணசேதம் வராது என்றார். அந்தப் பாதியை நாம் பிரசங்கத்தில் சொல்லுகிறோம். கப்பல் போய்விடும், ஒரு தீவில் மோதுவோம் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். தேவதூதன் தனக்குச் சொன்னதைச் சொன்னார், அதற்கு மேலே தன் சொந்தமாய் ஒரு இனிப்பும் சேர்க்கவில்லை. நங்கூரம் போடுகிற சாக்கில் கப்பலாட்கள் படகில் தப்பப் பார்த்தபோது, அதையும் மறைக்காமல் நூற்றுக்கு அதிபதியிடம் சொன்னார். எங்கள் கப்பலில் பவுலின் வேலையைச் செய்தது திருநீறு பூசின அந்தத் தம்பி. நாங்கள் செய்தது என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

அவருக்கும் அது சுலபமாய் இருக்கவில்லை. நாலாம் நாள் முச்சந்தியில் மரத்தை இழுத்துப் போட்டு மறியல் செய்தார்கள். அவர் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, நாளைக்குக் கரண்ட் வரும் என்று எழுது, விடுகிறோம் என்றார்களாம். "தெரியாததை எழுதினா நாளைக்கு நீங்களே என்னை நம்பமாட்டீங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே மத்தியானம்வரை நின்றிருக்கிறார். எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்கு மட்டும் லைன் வந்தது. ஊர் இருட்டாய் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பணம் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பி, இரவில் கேட்டின்மேல் இரண்டு கல்லும் விழுந்தது. மறுநாள் காலை அவர் பலகை நிறைய எழுதினார்: ஆஸ்பத்திரிக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் முதலில் கொடுக்கச் சொல்லி உத்தரவு, அடுத்தது எந்தத் தெரு, அது ஏன், அந்தந்தத் தெருவில் நட்ட கம்பம் எத்தனை, நடவேண்டியது எத்தனை. ஜனங்கள் நின்று படித்தார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தமாய் வாசித்துக் காட்டினார்கள். அதற்குப் பின் கல் விழவில்லை.

அவரும் ஒருமுறை தவறினார். வியாழக்கிழமை கீழத்தெருவுக்கு வந்துவிடும் என்று எழுதினார், கம்பம் ஏற்றின லாரி வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பலகையின் முதல் வரி, நேற்று நான் எழுதியது தவறு, கீழத்தெருக்காரர்கள் மன்னிக்கவும் என்றிருந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் அப்படி எழுதி நாங்கள் பார்த்ததில்லை. சபைக் கமிட்டியிலும் பார்த்ததில்லை என்று சொன்னால் மூப்பர்கள் கோபிக்கக்கூடாது.

பத்தொன்பதாம் நாள் கடைசித் தெருவிலும் விளக்கு எரிந்தது. மறுநாள் பலகையைத் துடைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். மிச்ச சாக்பீஸ் எங்கே என்று தலைமையாசிரியை கேட்டாராம். அடுத்த வருஷமே அவருக்கு மாற்றலாகிவிட்டது.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்தது அதிகமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே உட்காருகிற உறவினர்களிடம் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை நர்சம்மாவோடு நாங்களும் போய், தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுகிறோம். 2021 மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையில், கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றவர்களிடம் அப்படித்தான் போய் நின்றோம். சிலரிடம் சொல்லவேண்டியிருந்தது சொல்லக்கூடாத செய்தி. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நாக்கு நுனிவரை வரும். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்தச் சகோதரி ஞாபகத்துக்கு வருவாள். ஜெபத்தை மட்டும் செய்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு மறுபடி வருகிறோம் என்று சொல்லுவோம். ஆறு மணிக்குப் போவோம்.

கேட்டில் எங்களுக்கென்று ஒரு பலகையும் மாட்டியிருக்கிறோம். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குப் போகும்போது நின்று பாருங்கள். எக்ஸ்ரே மெஷின் பழுது, பாகம் எப்போது வரும் என்று தெரியவில்லை, அவசரமானவர்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகவும், அடுத்த தகவல் புதன்கிழமை காலை என்று எழுதியிருக்கும். ஆதரவாளர்கள் வருகிற நாளில் அதைத் துடைத்து வைக்கலாமே என்று ஆபீசில் ஒருவர் கேட்டார். டாக்டரம்மா வேண்டாம் என்றுவிட்டார்கள்.