கடலும் கழியும்



உலகப் பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு கடல் என்று பூகோளப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அக்கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர் என்றும் படித்திருப்பீர்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருப்பீர்கள். ஆனால் 3,700 மீட்டர் ஆழமுள்ள நீரை நம்முள் எவர் கண்டார்? காணாத ஒன்றைப் பற்றிய எண் மனத்தில் நெடுநாள் நிற்பதில்லை. ஆகவே இன்று நான் ஆழ்கடலிலிருந்து தொடங்கப் போவதில்லை. இடுப்பளவு நீரிலிருந்து தொடங்குகிறேன்.

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் பெருஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லையின் கடைசி ஊர்களுள் ஒன்று ஆரம்பாக்கம். சாலையில் லாரிகளின் இரைச்சல். தெற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். அங்கு இறங்குபவர் எவரும் கடலை நினைப்பதில்லை. ஆயினும் கிழக்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால், கண்ணுக்கு எட்டிய வரை நீர் விரிந்து கிடக்கும். அதுவே பழவேற்காட்டு ஏரி. ஏரி என்று பெயரே தவிர, மழைநீரைக் கரை கட்டித் தேக்கிய ஏரியன்று அது. கடலின் ஒரு கை. நம் முன்னோர் இத்தகைய நீர்நிலையைக் கழி என்றும் காயல் என்றும் வழங்கினர். இந்தியாவின் உவர்நீர்க் கழிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெருமை இதற்குத்தான். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில், தென்பகுதி நம்மிடம். ஆழமோ சராசரியாக ஒரு மீட்டர்தான்! பல இடங்களில் வலைஞர் படகை விட்டு இறங்கி நடந்தே செல்வர்.

இவ்வேரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்தீவு ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து விண்ணில் பாயும் ஏவுகணைகளைப் பார்க்க வரும் கூட்டம், அத்தீவு எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்பதில்லை. கடல் அலைகள் சில ஆயிரம் ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகக் கொண்டுவந்து குவித்த மணலே அது. அம்மணல் வேலிக்குள் அகப்பட்ட கடல்நீரே ஏரி. தெற்கு மூலையில், பழவேற்காட்டு ஊருக்கு அருகில், வேலியில் ஒரு வாயில் இருக்கிறது. அதனை முகத்துவாரம் என்கிறோம். வடக்கே ஆந்திரப் பகுதியில் வேறு வாய்களும் உண்டு. அவை பெரும்பாலும் மணலால் அடைபட்டுக் கிடப்பவை. எனவே இத்தனை பெரிய ஏரியும் மூச்சு விடுவது பெரிதும் அந்தத் தெற்கு வாயிலின் வழியாகவே. இன்று நான் கூறவிருப்பது முழுவதும் அந்த வாயிலைப் பற்றியதுதான்.

முதலில் உப்பு. ஆயிரம் கிராம் கடல்நீரைக் காய்ச்சி வற்ற வைத்தால் சுமார் 35 கிராம் உப்புகள் எஞ்சும். அவற்றில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் நாம் சோற்றில் இடும் உப்பு. எஞ்சியவை மக்னீசியம், சுண்ணாம்பு முதலியவற்றின் உப்புகள். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சாலஞ்சர்' என்னும் ஆங்கிலக் கப்பல் பல கடல்களிலிருந்து நீரை முகந்து வந்தது. அவற்றுள் 77 மாதிரிகளை டிட்மார் என்னும் இரசாயன அறிஞர் ஆராய்ந்து, 1884இல் ஒரு முடிவை வெளியிட்டார். கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு கூடலாம், குறையலாம். ஆனால் அவ்வுப்புகளுக்குள் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறுவதேயில்லை என்பதே அம்முடிவு. உலகக் கடல்கள் யாவும் கலந்து ஒன்றாகி நிற்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் வங்காள விரிகுடாவின் உப்பு சற்றுக் குறைவு. கங்கை, பிரமபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா ஆகிய பெரு நதிகள் யாவும் இதில் வந்து விழுகின்றன. அந்நன்னீர் கடலின் மேல் ஒரு போர்வை போலப் படர்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டம், வடக்கே கலந்த நதிநீரைச் சென்னைக் கரை வரை கொண்டுவருகிறது. வசந்த காலத்திலோ அதே நீரோட்டம் திரும்பி வடக்கு நோக்கி ஓடுகிறது. பருவக்காற்றோடு திசை மாறும் இத்தகைய நீரோட்டங்கள் இந்து மகாசமுத்திரத்தின் தனிச்சிறப்பு.

ஏரியின் உப்பு இன்னும் விந்தையானது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் பெருகி வந்து விழும்போது, ஏரிநீரில் சிற்சில இடங்களில் உப்பே இல்லை எனலாம். கோடையிலோ ஆற்றுநீர் நின்றுவிடுகிறது. ஒரு மீட்டர் நீரை வெயில் உறிஞ்சுகிறது. ஆயிரத்துக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பு ஏறிவிடுகிறது. கடலைக் காட்டிலும் கரிக்கும் ஏரி! இவ்வளவு ஏற்றத்தாழ்வுக்கு ஈடுகொடுக்கும் உயிர்களே அங்கு வாழ முடியும். ஈடுகொடுக்க உதவுவது கடல்நீர். முகத்துவாரம் திறந்திருந்தால், நாளுக்கு இருமுறை கடல் உள்ளே வந்து, மிகுந்த உப்பைக் குறைத்து, குறைந்த உப்பைக் கூட்டி, ஒருவாறு நடுநிலை செய்து போகும்.

நாளுக்கு இருமுறை என்றேனல்லவா? அதுதான் ஓதம். நிலவும் கதிரவனும் கடல்நீரை ஈர்ப்பதால் உண்டாகும் ஏற்றமும் வற்றமும். நம் கரையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறும். நிலவு நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தாழ்ந்து உதிப்பதால், ஓதமும் அவ்வளவு தாழ்ந்தே வரும். குஜராத்தில் காம்பே வளைகுடாவில் ஓதம் 10 மீட்டருக்கும் மேல் உயர்கிறது. சென்னைக் கரையிலோ அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஒரு மீட்டர் என்ன பெரிது என்று எண்ணாதீர்கள். ஒரு மீட்டரே ஆழமுள்ள ஏரிக்கு அது உயிர்.

இனி, உயிர்களுக்கு வருவோம். கடலின் பயிர் எது? பாசியும் கடற்புல்லும் ஒரு சிறு பங்கே. பெரும் பங்கு, கண்ணுக்குப் புலப்படாத ஓரணுத் தாவரங்கள். நீரின் போக்கில் மிதந்து திரிவதால் இவற்றை மிதவையுயிரிகள் எனலாம். விஞ்ஞானிகள் பிளாங்க்டன் என்பர். உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் பிராணவாயுவில் ஏறக்குறையப் பாதியைக் கடல்வாழ் நுண்ணுயிர்களே தருகின்றன. இவற்றை உண்பவை நுண்ணிய விலங்குகள். அவற்றை உண்பவை சிறு மீன்கள். அவற்றை உண்பவை பெரு மீன்கள். ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கே உடலாகச் சேர்கிறது. மற்றவை ஓடியாடுவதில் செலவாகின்றன, அல்லது கழிவாகின்றன. உங்கள் தட்டில் விழும் ஒரு கிலோ கொடுவா மீனுக்குப் பின்னே ஆயிரம் கிலோ நுண்பயிர் இருந்திருக்கும் என்று கணக்கிடலாம்.

அந்தப் பயிருக்கு வெயிலும் வேண்டும், உரமும் வேண்டும். ஆழ்கடலில் வெயில் மேலே, உரம் கீழே. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையோரம் அடிநீர் மேலெழுகிறது. உரம் வெளிச்சத்துக்கு வருகிறது. மத்தி மீன் கூட்டங்கூட்டமாகப் பெருகுகிறது. வங்காள விரிகுடாவிலோ, முன்பு கூறிய நன்னீர்ப் போர்வை மேல்நீரும் அடிநீரும் கலவாதபடி மூடி நிற்கிறது. ஆதலால் அரபிக்கடலைவிட நம் கடல் பொதுவாக வளம் குறைந்தது. அத்தகைய கடலின் ஓரத்தில் பழவேற்காடு போன்றதொரு கழி இருப்பது எவ்வளவு பெரிய செல்வம்! அங்கே வெயில் அடித்தரை வரை பாய்கிறது. ஆறு உரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது.

ஏரிக்கரைப் பிள்ளைகள் இவற்றையெல்லாம் புத்தகமின்றியே ஓரளவு அறிவார்கள். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் என்னிடம் வந்து, "ஐயா, கடலில் பிடிபடும் பெரிய இறாலின் முதுகில் பச்சைக் கோடு தெரிகிறது. ஏரியில் பிடிபடும் இறாலில் நான் அதைக் கண்டதே இல்லை. இரண்டும் வேறு வேறு சாதியா?" என்று வினவினான். அவன் தேர்வில் பெற்ற மதிப்பெண்கள் சொற்பமே. ஆயினும் பள்ளி ஆய்வாளர்கள் பலர் கேளாத உயர்ந்த கேள்வி அது.

இரண்டும் ஒரே சாதிதான். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். அப்பச்சைக் கோடு முதிர்ந்த சினைப்பை. மெல்லிய ஓட்டின் வழியே வெளியே தெரிகிறது. பெண் இறால் பல்லாயிரக் கணக்கில் கடல்நீரில் முட்டைகளை விடுகிறது. ஒரு நாளுக்குள் அவை பொரிந்துவிடும். குஞ்சு தாயைப் போலவே இராது. முதலில் ஒரு சிறு பூச்சி, பிறகு வேறோர் உருவம், பிறகு மற்றோர் உருவம். இரண்டு வாரமளவில் நூல் துண்டு போன்ற இளம் இறாலாகிறது. அப்போது அது கழியைத் தேடுகிறது. தானே நீந்திக் கடக்க வலிமை ஏது? ஏறும் ஓதத்தின் மீது சவாரி செய்து முகத்துவாரத்துக்குள் நுழைகிறது. ஏரியின் சேற்றிலும் புல்லிலும் ஒளிந்து, உண்டு, சில மாதங்களில் விரல் பருமனாக வளர்கிறது. பிறகு வற்றும் ஓதத்தோடு கடலுக்குத் திரும்பி, அங்கே சினை முதிர்கிறது. ஏரியில் அந்த மாணவன் கண்டவை யாவும் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள்!

மடவையும் கொடுவாயும் சேற்று நண்டும் ஏறக்குறைய இதே வழக்கத்தை உடையவை. பிறப்பு கடலில், வளர்ப்பு கழியில். ஆகவே முகத்துவாரம் மூடுவது ஏரிக்கு மட்டும் கேடன்று. கடலில் அடுத்த ஆண்டு கிடைக்க வேண்டிய மீனும் குறைகிறது. கடலோரப் பகுதி மீன்பிடிப்புக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளைத் தடை செய்கிறார்கள். மீன் இனம் பெருகட்டும் என்பதே நோக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிறந்த குஞ்சுக்கு வளரும் வீட்டின் கதவு அடைத்திருந்தால், அத்தடையின் பயனில் ஒரு பகுதி வீணாகும்.

முகத்துவாரத்தின் அருமையைப் பழவேற்காட்டு மீனவர் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்றொரு முறை வழங்கி வருகிறது. இறால் வெளியேறும் வழியில் உள்ள இடங்களே வருவாய் மிக்கவை. அவ்விடங்களை வலியவர் பிடித்துக்கொள்ளாதபடி, இன்ன நாளில் இன்னார் வலை கட்ட வேண்டும் என்று ஊரே முறைவைத்துப் பங்கிடுகிறது. 1613இல் டச்சுக்காரர் அங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினர். கோட்டை அழிந்தது, பாடு நிற்கிறது.

வாயிலை மூடுவது யார்? மனிதரல்லர், மணல். அலைகள் கரையைச் சாய்வாக மோதுவதால், மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. பருவத்துக்கேற்ப இருபுறமும் நகர்ந்தாலும், நம் கரையில் ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் வடக்கு நோக்கிச் செல்வதே மிகுதி. சென்னைத் துறைமுகம் இதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலுக்குள் சுவர் எழுப்பினர். வடக்கே செல்ல வேண்டிய மணல் தெற்கே தேங்கியது, மெரினா விரிந்தது. மணல் கிட்டாத இராயபுரமும் அதற்கு வடக்கேயுள்ள கரையும் அரிக்கப்பட்டன. மெரினாவில் காற்று வாங்குபவர் அதை நினைத்துப் பார்ப்பது நன்று.

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணலுக்கும் நீருக்கும் ஓயாத போர். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வெளியே பாயும்போது நீர் வெல்கிறது. கோடையில் ஆறு வறண்டு, உள்ளும் புறமும் போகும் நீர் குறையும்போது மணல் வெல்கிறது. ஏரியில் வண்டல் படிந்து ஆழம் குறையக் குறைய, உள்ளே வந்து போகும் நீரின் அளவும் குறைகிறது. வாயிலைத் துடைக்கும் வலிமையும் குறைகிறது. அடைபட்ட ஏரியில் உப்பு ஏறும், வெப்பமும் உப்பும் மிக்க நீரில் பிராணவாயு கரைவது குறையும், மீன் சாகும். மீனவர் தாமே மண்வெட்டி கொண்டு மணல்மேட்டை வெட்டித் திறந்த ஆண்டுகள் பல.

குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் பற்றி விரிக்க நேரமில்லை. பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுநீரை அரித்து, சிற்றுயிர்களை உண்கிறது. அவ்வுணவிலுள்ள நிறமே அதன் இளஞ்சிவப்பு. ஏரியில் அச்சிற்றுயிர் குறைந்தால் பறவையும் வேறிடம் நாடும்.

அண்மை ஆண்டுகளில் முகத்துவாரத்தை நிலைப்படுத்த இருபுறமும் கற்சுவர் அமைக்கும் பணியை அரசு மேற்கொண்டுள்ளது. மீனவர் நெடுநாள் வேண்டியதே அது, நானும் வரவேற்கிறேன். எனினும் சென்னைத் துறைமுகச் சுவர் செய்ததைச் சற்றுமுன் கேட்டீர்கள். சுவருக்கு வடக்கேயுள்ள கரையையும் ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பதில் நீங்களும் சேரலாம். ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒருநாள், டிசம்பரில் ஒருநாள், ஏரியில் ஒரே இடத்தில் ஒரு லிட்டர் நீரை முகந்து வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காய வையுங்கள். எஞ்சும் உப்பை நிறுத்து, தேதியோடு குறித்து வையுங்கள். மே மாதத்து உப்பு ஓராண்டில் 40 கிராமாக இருந்து மறு ஆண்டில் 50 கிராமுக்கு மேல் போனால், முதலில் மழைக்கணக்கைப் பாருங்கள். மழையில் குறைவில்லையென்றால், முகத்துவாரத்தை மணல் மூடியிருக்கக்கூடும் என்று, அங்கே போகாமலே ஊகிக்கலாம். பிறகு ஒருநாள் நேரில் சென்று, ஊகம் சரியா என்று பாருங்கள்.