சாந்த்ராகாச்சி சேனையும் களைத் தொல்லையும்



சென்னையிலிருந்து வங்காளத்துக்கு ரயிலில் போகிறவர்கள் சாந்த்ராகாச்சி என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹூக்ளி ஆற்றுக்கு மேற்கே, ஹௌரா நகரத்தில் உள்ளது அந்த இடம். சில ரயில்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

சாந்த்ராகாச்சிக்கு என்ன பெருமை? ஒன்று, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஏரி. குளிர் காலத்தில் ஆயிரக்கணக்கான வாத்துகள் அங்கே வந்து இறங்கும். இன்னொன்று, சேனைக்கிழங்கு. வங்காளிகள் அதை 'ஓல்' என்பார்கள். 'சாந்த்ராகாச்சி ஓல்' என்றால் தொண்டை அரிக்காது என்று பெயர். வேகவைத்து, மசித்து, கடுகெண்ணெய் விட்டுச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவார்கள்.

சேனை ஏன் அரிக்கிறது? அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் இருக்கின்றன. கால்சியம் ஆக்சலேட் என்ற பொருளால் ஆனவை. அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்தும். நம் வீடுகளில் புளி சேர்த்து வேகவைப்பது அதற்காகத்தான். எல்லாச் சேனையும் ஒரே அளவில் அரிப்பதில்லை. சாந்த்ராகாச்சி வகை குறைவாக அரிக்கும் வகை.

இன்று சாந்த்ராகாச்சியில் வயல் குறைவு. வீடும் சாலையும்தான் அதிகம். பெயர் மட்டும் கிழங்கோடு வெளியூர் வயல்களுக்குப் போய்விட்டது. ஆனாலும் சேனைக்குப் பெரிய வயல் தேவையில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்த 5 சென்ட் தோட்டமே போதும். ரசாயன உரமும் களைக்கொல்லியும் இல்லாமலே அதை விளைவிக்கலாம். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 2004 முதல் 2009 வரை இதைச் சோதித்துப் பார்த்தது. இயற்கை முறையில் விளைச்சல் குறையவில்லை. கூடவே செய்தது.

நடவு எப்போது? வங்காளத்தில் மாசி, பங்குனியில். அங்கே அது வசந்த காலம். தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசியில் நடுகிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு. செடிக்குச் செடி 3 அடி, வரிசைக்கு வரிசை 3 அடி. ஒரு செடிக்கு 9 சதுர அடி. 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. அப்படியானால் 242 செடிகள். ஒரு குழிக்கு அரைக் கிலோ விதைக்கிழங்கு. மொத்தம் 121 கிலோ! செலவில் பெரிய பங்கு இதுதான். கடன் வாங்கி விதை வாங்கும் குழுவுக்கு, முதல் மூன்று மாதம் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டிய காலம்.

கிழங்கின் நடுவில் முளைக்கண் இருக்கும். வெட்டும் ஒவ்வொரு துண்டிலும் அந்தக் கண்ணில் ஒரு பகுதி இருக்க வேண்டும். கண் இல்லாத துண்டு முளைக்காமல் போகலாம், முளைத்தாலும் தாமதமாகும். வெட்டிய துண்டுகளைச் சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். ஒன்றரை அடி ஆழக் குழியில் மேல்மண்ணும் இரண்டு மூன்று கிலோ மக்கிய தொழு உரமும் கலந்து போட்டு, கண் மேலே பார்க்கும்படி நட்டு மூட வேண்டும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகவே ஆகாது.

இனிமேல்தான் சண்டை. நட்ட சேனை வெளியே தலை காட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். களை அதுவரை காத்திருக்குமா? ஒரு கோடை மழை போதும். பத்தே நாளில் தோட்டம் பச்சையாகிவிடும். போட்ட உரத்தைச் சேனைக்கு முன்னால் களை தின்றுவிடும்.

களைகளில் மோசமானது கோரை. அதை மேலாகக் கிள்ளிப் பயன் இல்லை. மண்ணுக்குள் சிறு சிறு கிழங்குகள் சங்கிலி போலக் கோத்திருக்கும். கொத்தினால் சங்கிலி அறும். அறுந்த ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாக வரும். அதனால் நடவுக்கு முன்பே கோடையில் மண்ணைப் புரட்டி, கோரைக்கிழங்கைப் பொறுக்கி வெயிலில் காயப்போட வேண்டும். முதுகு வலிக்கும் வேலைதான். ஆனால் பிறகு ஆறு மாதம் வலிக்காமல் இருக்கும்.

அடுத்தது மூடாக்கு. நட்ட அன்றே வைக்கோல், காய்ந்த இலை, தென்னை ஓலை எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு மண்ணைக் கனமாக மூட வேண்டும். வெளிச்சம் படாவிட்டால் பெரும்பாலான களை விதைகள் முளைத்து மேலே வராது. மண்ணில் ஈரமும் நிற்கும். சேனை முளை தடித்தது. மூடாக்கை முட்டித் தள்ளிக்கொண்டு வந்துவிடும். கோரையும் ஊசிபோல் குத்தி மேலே வரும். அதைக் கண்ட உடனே பிடுங்க வேண்டும்.

வங்காளத்தில் மூடாக்குக்கு ஆகாயத் தாமரையையும் போடுவார்கள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த பூச்செடி அது. வங்காளத்து ஆறு, குளம், வாய்க்கால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. அதை ஒழிக்க 1936-இல் ஒரு சட்டமே போட்டார்கள். சட்டம் வந்தது, செடி போகவில்லை! சாந்த்ராகாச்சி ஏரியிலும் அது உண்டு. பறவைகள் வருவதற்கு முன்னால் அதை அள்ளுவார்கள். முழுவதும் அள்ளுவதில்லை. வாத்துகள் உட்கார அங்கங்கே சில திட்டுகளை விட்டுவைப்பார்கள்.

ஆகாயத் தாமரையைக் கரையில் போட்டு நன்றாகக் காயவைத்த பிறகே தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் நீரில் வளர்ந்ததை உணவுத் தோட்டத்தில் போடக் கூடாது. அந்தச் செடி ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களை நீரிலிருந்து உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

நட்ட 45 நாள் அளவில் முதல் களையெடுப்பு. ஒரு மாதம் கழித்து இரண்டாவது. அப்போதே செடியைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. சேனையின் வேர் மேலாகவே ஓடும். ஆழமாகக் கொத்தினால் வேர் அறும். களைக்கொத்தி தண்டின் அடியில் பட்டால் காயம் ஆகும். மழைக்காலத்தில் அந்தக் காயத்தில் வெள்ளைப் பூஞ்சை புகும். தண்டு அழுகிச் செடி சாயும். களையை எடுக்கப் போய்ப் பயிரைச் சாகடித்த கதை அது. தண்டுக்குப் பக்கத்தில் கையால்தான் பிடுங்க வேண்டும். பிறகு இலை குடைபோல விரிந்து நிழல் கட்டும். களையின் கொட்டம் அடங்கும்.

பிடுங்கியதை எல்லாம் எறிந்துவிடுவதா? காளி பூஜைக்கு முதல் நாள் வங்காளிகள் 14 வகைக் கீரை சாப்பிடுவது வழக்கம். சேனையின் இளந்தளிரும் அதில் ஒன்று. பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை, சக்கரவர்த்திக்கீரை ஆகியவையும் உண்டு. இவற்றில் பாதி தோட்டத்திலும் வயலிலும் தானாக முளைப்பவை. பெயர் தெரியாத செடியை மட்டும் வாயில் வைக்கக் கூடாது. தின்ன முடியாத களையைப் பூ விடுவதற்கு முன் பிடுங்கி எருக்குழியில் போடலாம். கோரைக்கிழங்கை மட்டும் எருவில் சேர்க்க வேண்டாம். எருவோடு திரும்பி வந்துவிடும்.

எட்டாம் மாதம் அளவில் இலை மஞ்சளாகித் தண்டு சாயும். அதுதான் அறுவடைக் காலம். நல்ல மண்ணில் நட்டதைப்போல் மூன்று, நான்கு மடங்கு கிடைக்கும். வெட்டுப்படாமல் தோண்டி, மண்ணை உதிர்த்து, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். விற்பதற்கு முன்பே அடுத்த ஆண்டு விதைக்கான கிழங்கைக் குழு எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். அந்த 121 கிலோவை இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.