விடுபட்ட புள்ளிகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா கிராஃப் வந்துடுது சார், அதுல என்ன இருக்கு?” என்று இன்று காலை ஒரு மாணவத் தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலையே என் உரையாக வைத்துக்கொள்கிறேன்.

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 வினாடியில் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் மாண்டனர். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ‘ஓ ரிங்’ என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய், சூடான வாயு கசிந்ததுதான் காரணம்.

முதல் நாள் இரவே, பூஸ்டரைத் தயாரித்த கம்பெனியின் என்ஜினீயர்கள், இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று டெலிபோனில் வாதாடினார்கள். தாள் தாளாக விவரம் அனுப்பினார்கள். ஆனால் எல்லாப் பயணங்களின் வெப்பநிலையையும் சேதத்தையும் ஒன்றாகக் காட்டும் கிராஃப் அதில் இல்லை. வெப்பநிலையோடு காட்டியவை இரண்டே பயணங்கள். ஒன்று 12 டிகிரி செல்சியஸில், இன்னொன்று 24 டிகிரியில். இரண்டிலுமே கசிவு! “சூட்டிலேயும்தானே கசிஞ்சிருக்கு?” என்று யாராவது கேட்டால், தாளில் பதில் இல்லை.

பதில் எங்கே இருந்தது? ஒன்றுமே நடக்காத பயணங்களில் இருந்தது. பின்னால் விசாரணைக் கமிஷன் முந்தைய 24 பயணங்களையும் வெப்பநிலைப்படி வைத்துப் பார்த்தது. சுமார் 19 டிகிரிக்கு மேற்பட்ட 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். சுமார் 17 டிகிரிக்கு உட்பட்ட நான்கில் நான்கிலுமே சேதம். ஏவிய அன்று இருந்ததோ வெறும் 2 டிகிரி!

கிராஃப் ஒன்றே அந்த ஏழு பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. கம்பெனியின் மேலதிகாரிகள் தங்கள் என்ஜினீயர்களின் பேச்சை மீறிச் சம்மதம் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் சரியான படம் ஒன்று மேஜை மேல் இருந்திருந்தால், மீறுவது அத்தனை சுலபமாக இருந்திருக்காது.

தம்பிகளே, தங்கைகளே, மூன்றே விஷயம். படம் போடும் முன், இதைப் பார்ப்பவர் என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். தேதி வரிசையில் அடுக்காமல், காரணம் என்று சந்தேகப்படுவதை அச்சில் வையுங்கள். ஃபெயிலான பீஸை மட்டும் எண்ணாமல், பாஸானதையும் புள்ளியாக வையுங்கள். நாளைக்கு நாம் போகப்போகும் இடம் நம் அனுபவத்துக்கு எவ்வளவு வெளியே இருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

லேப் ரெக்கார்டில் கோட்டில் உட்காராத புள்ளியை ரப்பர் வைத்து அழிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே! அதை இங்கேயே விட்டுவிட்டு வெளியே வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.