மெக் என்றால் மகன்



தோ பாயோவுக்கு ஒருபுறம் மெக்ரிட்சி நீர்த்தேக்கம். மறுபுறம், சற்றுத் தள்ளி, மெக்பர்சன் சாலை. இரண்டுமே ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்கள். முன்னால் நிற்கும் ‘மெக்’ என்பதற்கு அந்நாட்டின் கேலிக் மொழியில் மகன் என்று பொருள். மெக்ரிட்சி, ரிட்சியின் மகன். மெக்பர்சன், பாதிரியாரின் மகன். சிங்கப்பூர்த் தமிழர் பலருடைய அடையாள அட்டையில் உள்ள ‘எஸ்/ஓ’வும் அதையேதான் சொல்கிறது. ‘டி/ஓ’வுக்கும் அங்கே இணையுண்டு. மகளுக்கு ‘நிக்’ என்பார்கள்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் ஒரு காலத்தில் தலைமுறைக்குத் தலைமுறை தந்தை பெயர் மாறியது. பதிவேடுகள் பெருகியபோது, ஏதோ ஒரு முன்னோரின் பெயரோடு அது நின்றுவிட்டது. நிலைத்த அந்தப் பெயர்தான் கடல் கடந்தது.

ஸ்கை தீவில் பிறந்த ரோனல்ட் மெக்பர்சன், சென்னை ராணுவத்தின் பீரங்கிப் படையில் சேர்ந்து, பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை வடிவமைத்தார். 1867இல் நீரிணைக் குடியேற்றங்களின் முதல் காலனித்துவச் செயலாளரானார். 1869இல் மறைந்தார். இன்று சாலையிலும் எம்ஆர்டி நிலையத்திலும் அவர் பெயர் இருக்கிறது.

அந்தத் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825 முதல் இங்கு கொண்டுவரப்பட்ட கைதிகளில் சென்னை மாகாணத்தவரும் இருந்தனர். தண்டனை முடிந்து இங்கேயே தங்கியவர்களும் உண்டு. சாலைக்குப் பெயர் வைத்தது அதிகாரம். ஆனால் வீட்டுக்குள்ளும் அவர்கள் பெயர் மறைந்ததற்கு வேறு காரணம் உண்டு. முத்துவின் மகன் ராமன், ராமனின் மகன் குமார். மூன்றாவது ஆளின் பெயரில் முத்து இல்லை.

அதற்காகத் தமிழருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அந்த இடத்தில் முன்பு இருந்தது பெரும்பாலும் சாதிப் பட்டம். அதைக் கைவிடச் சொல்லி 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. விட்டதை மீண்டும் ஒட்டிக்கொள்ளத் தேவையில்லை.

தமிழரிடம் வேறொரு வழி இருந்தது. ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’, அதாவது தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் அதே பெயர் திரும்பி வரும். இன்று புதுப்பெயர் தேடும் ஆசையில் அந்த வழக்கம் குறைந்துவிட்டது. புதுப்பெயர் வைப்பதில் தவறில்லை. ஆனால் பழைய பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை வைக்கும் உறையில் ஒரு தாளையும் சேர்த்து வையுங்கள். அதில் தாத்தா, பாட்டி, அவர்களின் பெற்றோர், எந்த ஊர், எந்த ஆண்டு வந்தார்கள் என்று எழுதுங்கள். பாட்டிகளின் பெயரை மறக்க வேண்டாம். எந்த எஸ்/ஓ, டி/ஓவிலும் அவர்களுக்கு இடமில்லை. சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள்.