பந்து யார் வசம்?

கூடைப்பந்தாட்டம் நடக்கும்போது நடுவர் திடீரென ஊதலை ஒலித்து, இரு கை முட்டிகளையும் ஒன்றையொன்று சுற்றிச் சுழற்றிக் காட்டுவார். உடனே பார்ப்போரில் பாதிப்பேர் ‘சரி’ என்பர்; மற்றப் பாதிப்பேர் ‘அநியாயம்’ என்பர். இவ்வழக்கைத் தீர்க்க ஒரு கேள்வி போதும். பந்து அப்போது யார் வசம் இருந்தது?

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இவ்விளையாட்டை உருவாக்கி, அதற்கு 13 விதிகளை எழுதினார். பந்தை ஏந்தியவன் ஓடலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஓட விட்டால், அவனைப் பாய்ந்து பிடித்துத்தான் தடுக்க வேண்டும், ஆட்டம் மல்யுத்தமாகிவிடும். பந்தைத் தரையில் தட்டிச் செல்லும் ‘டிரிபிளிங்’ பிற்பாடு வளர்ந்தது. தட்டும்போது பந்து கையை விட்டு நீங்குகிறது. எதிரியும் அதைக் கவரலாம். முன்னேறும் உரிமைக்கு ஆட்டக்காரன் கொடுக்கும் விலை அது.

உயிருள்ள பந்தைப் பிடித்திருப்பவன், அல்லது தட்டிக்கொண்டிருப்பவன் வசமே பந்து இருப்பதாக விதி கொள்கிறது. இரு கைகளும் ஒருங்கே பந்தைத் தொட்டாலும், பந்து கையில் தங்கினாலும் தட்டுதல் முடிந்தது. மீண்டும் தட்டத் தொடங்கினால் அது ‘டபிள் டிரிபிள்’ என்னும் பிழை. நின்றபடி பந்தைப் பிடித்தவன் ஒரு காலை ஊன்றி, மறு காலை எத்திசையிலும் எடுத்து வைக்கலாம். தட்டத் தொடங்குமுன் ஊன்றிய கால் தரையை விட்டு எழலாகாது. ஓடும்போது பிடித்தவனோ இரண்டு அடி வைக்கலாம். பந்து வசமான பின் தரையில் படும் பாதமே முதல் அடி எனச் சர்வதேச விதிகள் 2017-இல் தெளிவுபடுத்தின. ஆகவே, அடிகளை எண்ணுமுன் பந்து எப்போது வசமாயிற்று என்று காண வேண்டும்.

இதை நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். இளம் ஆசிரியனாக ஒரு பள்ளிப் போட்டிக்கு நடுவராக நின்றேன். ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன. ஒரு மாணவனை நோக்கி வந்த பந்து, அவன் விரல்களில் பட்டு வழுவித் தரையில் விழுந்தது. அவன் அதை எடுத்துத் தட்டிச் சென்று கூடையில் இட்டான். நான் ‘டபிள் டிரிபிள்’ என்று ஊதிப் புள்ளிகளை மறுத்தேன். அவன் அணி ஒரு புள்ளியில் தோற்றது. “சரிங்க சார்” என்று மட்டும் சொல்லி அவன் விலகினான்.

அன்றிரவு விதிநூலைப் புரட்டினேன். தற்செயலாக வழுவிய பந்தை மீண்டும் எடுப்பது தட்டுதல் ஆகாது என்று அதில் இருந்தது. முதலில் பந்து அவன் வசமாகவே இல்லை. அவன் தட்டியது ஒரே முறை. மறுவாரம் அவன் பள்ளிக்குச் சென்று, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். முடிவு மாறவில்லை. ஆயினும் அம்மாணவன் முகம் மலர்ந்ததைக் கண்டேன்.

நண்பர்களே, ஊதல் ஒலித்ததும் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுங்கள். ஆட்டம் முடிந்ததும் விதியைப் படியுங்கள். நாளை ஊதல் உங்கள் கைக்கு வரும்போது, கண் கண்டதை அறிவு எடை போட்ட பின்னரே ஊதுங்கள்.